ஒளிவுமறைவு இல்லாத கார்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பியதைப் படித்தேன். "இந்த வயசுல அந்தப் பழைய காரோட மல்லுக்கட்டணுமாம்மா? நல்ல விலை கிடைக்கும்போதே வித்துடு. ஏர்பேக் இருக்கிற வண்டியா நானே பார்த்து வாங்கித் தரேன்" என்று எழுதியிருந்தாய். அக்கறையில்தான் சொல்கிறாய், தெரியும். அதற்குக் கீழே இன்னொன்றும் கேட்டிருந்தாயே, இந்த எம்ஜிபி வைத்திருக்கிற எல்லோரும் ஏன் அதன்மேல் இப்படிப் பைத்தியமாக இருக்கிறீர்கள் என்று. போனில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வேகத்தை ஒதுக்கிவிடுவோம். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வரும். பிரிட்டனின் எம்ஜி கம்பெனி செய்த இந்த எம்ஜிபியும் ஸ்போர்ட்ஸ் கார்தான், ஆனால் 1962-இல் வந்தபோதே வேகத்துக்குப் பேர்போன வண்டி இல்லை. அதற்கு முந்தின வருஷம் வந்த ஜாகுவார் ஈ-டைப்பை மணிக்கு 150 மைல் ஓடும் என்று சொல்லி விற்றார்கள். எம்ஜிபி 100 மைலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தைப் பிடிக்க 12 வினாடி அளவில் ஆகும். உன்னுடைய சாதாரணக் குடும்பக் கார் அதைச் சிரமமில்லாமல் முந்திவிடும். இன்ஜினும் இதற்கென்று புதிதாகப் பிறந்ததல்ல. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ் இன்ஜின் அது. அந்த வரிசை இன்ஜின்கள் சலூன் கார்களிலும் வேன்களிலும் ஓடின. அம்பாசிடரில் இருந்த 1,489 சிசி இன்ஜினும் அதே வம்சம்தான். எம்ஜிபிக்காக அதை 1,798 சிசி ஆக்கி, காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கிற எஸ்யூ கார்புரேட்டர் இரண்டு பொருத்தி, 95 குதிரைசக்தி எடுத்தார்கள்.

இப்படி ஒரு வண்டியை 1980 வரை தயாரித்தார்கள், கூரை மூடிய ஜிடி மாடலையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றார்கள். அரிய பொருள் என்பதற்காக யாரும் இதைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கவில்லை. விலை ஏறும் என்று வாங்கி மூடி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்தான். அவர்களை எனக்குப் புரிவதில்லை, நான் அவர்களைப் பற்றி எழுதவும் போவதில்லை.

எனக்கு இந்தக் கார் பிடித்துப்போனதற்குக் காரணம் அது என்னிடம் எதையும் ஒளிப்பதில்லை. அதற்குள் நடக்கிற ஒவ்வொன்றும் காதில் விழும், கையில் படும், கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், புரிந்துகொண்டுவிடலாம். இவ்வளவு வருஷம் என்னைச் சுற்றி இருந்த இயந்திரங்களில் வேறு எதைப் பற்றியும் என்னால் இப்படிச் சொல்ல முடியாது.

சாவியைத் திருப்புவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். செல்ஃப் போடுவதற்கு முன்பே பின்பக்கமிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அது பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர்களின் மிதவைக் கிண்ணங்கள் நிறைகிற வரை படபடவென்று அடிக்கும், நிறைந்ததும் நின்றுவிடும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது, இல்லையென்றால் டேங்க் காலி. சத்தமே வராவிட்டால் பம்புக்குள் இருக்கும் காண்டாக்ட் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பேனர் பிடியால் பம்பை லேசாகத் தட்டினால் பெரும்பாலும் மறுபடி துடிக்க ஆரம்பிக்கும். ஒருமுறை சாலையோரத்தில் நான் செய்தது அதுதான். உதவிக்கு வந்து நின்ற இளைஞன் என்னை மந்திரவாதியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். எனக்கு அதில் மந்திரம் எதுவும் இல்லை, அது பேசாததைக் கேட்டேன், அவ்வளவுதான்.

அப்புறம் கார்புரேட்டர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விடு, ஏனென்றால் என் காதல் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

பானட்டைத் திறந்தால் இரண்டு மணிக்கூண்டுகள் போல எழும்பி நிற்பவை அவை. ஒவ்வொன்றின் உள்ளேயும் மேலும் கீழும் போய்வருகிற ஒரு பிஸ்டன். அதன் அடியில் ஒரு பித்தளை ஊசி, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். ஊசி ஒரு சிறு துளைக்குள் இறங்கியிருக்கும்; அந்தத் துளை வழியாகத்தான் பெட்ரோல் வரவேண்டும். நீ ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் அதிகக் காற்றை உறிஞ்சுகிறது, அந்த உறிஞ்சலில் பிஸ்டன் மேலே எழும்புகிறது, கூடவே ஊசியும் எழும்புகிறது. ஊசியின் மெல்லிய பகுதி துளைக்கு வந்ததும் சுற்றிலும் இடைவெளி கூடி, அதற்கேற்ப பெட்ரோலும் கூடுதலாக வருகிறது. இவ்வளவுதான் விஷயம். காற்றுக்குத் தக்க பெட்ரோலை அது தானே அளந்துகொள்கிறது. பிஸ்டன் சட்டென்று துள்ளாமல் இருக்க மேலே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டும். மூடியைத் திருகி எடுத்து மறுபடி உள்ளே விடும்போது அந்த எண்ணெய் விரலை மெதுவாக எதிர்த்துத் தள்ளும். எதிர்ப்பு இல்லையென்றால் எண்ணெய் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்லோ ஸ்பீடில் வண்டி நடுங்கும். இதைச் சரிசெய்ய எனக்கு வேண்டியது ஒரு முழம் ரப்பர் குழாய். ஏர் கிளீனர்களைக் கழற்றிவிட்டு, குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒரு கார்புரேட்டரின் வாயருகே பிடிப்பேன். சங்கைக் காதில் வைத்தால் வருமே, அந்த மாதிரி ஓர் இரைச்சல் கேட்கும். அடுத்ததற்குப் போவேன். இரண்டு இரைச்சலும் ஒன்றாகிற வரை திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்புவேன். பிறகு ஒவ்வொரு பிஸ்டனையும் ஒரு மயிரிழை அளவு தூக்கிப் பார்க்க வேண்டும். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறினால் குறைவு. ஒரு கணம் லேசாக உயர்ந்து பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருப்பதில் எனக்கு இன்றும் அலுப்பில்லை. உன் வண்டியில் இதே வேலையைக் கம்ப்யூட்டர் என்னைவிட நன்றாகச் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது செய்கிறபோது உனக்குத் தெரியாது.

ஓட்டும்போதும் இதே கதைதான். என்னுடையது 1966-ஆம் வருஷத்து வண்டி. அதில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது பற்கள் உரசாமல் கியர் விழ வேகத்தைச் சமன்செய்கிற அமைப்பு, கிடையாது. 1967-இன் கடைசியில்தான் அது வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு இன்ஜினை ஓர் உறுமு உறுமவிட்டு, மறுபடி மிதித்துப் போட வேண்டும். சரியாக அமைந்தால் கியர் வெண்ணெயாக இறங்கும். அமையாவிட்டால் கறகறவென்று தெருவுக்கே சொல்லும். ஸ்டியரிங்குக்கு பவர் உதவி இல்லை, அதனால் முன்சக்கரத்துக்கு அடியில் சாலை கரடுமுரடாகிறதா, ஈரமாக இருக்கிறதா என்பதெல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிடும். இருக்கை தாழ்வு. கதவைத் திறந்து கையை நீட்டினால் தரையைத் தொடலாம். துணிக் கூரையை மடித்துவிட்டு 40 மைல் வேகத்தில் ஒரு வளைவில் திரும்பினாலே உடம்பு முழுக்கத் தெரியும். புதிய வண்டிகளில் அந்த உணர்வு வருவதற்குச் சட்டம் அனுமதிக்காத வேகத்தில் போக வேண்டியிருக்கிறது. ஜப்பானில் மஸ்டா இதைப் புரிந்துகொண்டுதான் 1989-இல் எம்எக்ஸ்-5 காரைக் கொண்டுவந்தது. ரோட்ஸ்டர் என்கிற பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களின் எளிமையை நம்பிச் செய்த கார் அது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. நம்மைப் போன்றவர்கள் கொஞ்சப் பேர் இல்லை, கண்ணா.

குறைகள் இல்லையா என்றால், துரு இருக்கிறதே. இதற்கு முந்தைய எம்ஜிஏவில் தனிச் சட்டகம் இருந்தது. எம்ஜிபியில் உடலே சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் முதுகெலும்பு, துருவும் அங்கேதான் முதலில் குடியேறும், அதுவும் உள்பக்கமிருந்து. வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அனுபவமுள்ளவர்கள் வண்டி வாங்கப் போனால் ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு, கதவு இடுக்கு மாறுகிறதா, கதவு முன்போலவே சாத்துகிறதா என்று பார்ப்பார்கள். வண்டியின் நடு வளைந்துகொடுத்தால் கதவு காட்டிக்கொடுத்துவிடும்.

துருவால் செத்துப்போயிருக்க வேண்டிய இந்த வண்டிகள் எப்படிப் பிழைத்தன என்பதுதான் உன் கேள்விக்கு இன்னொரு பாதிப் பதில். எம்ஜி கம்பெனி 1929-இல் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊருக்குக் குடிபோனது. 1979-இல் அங்கே ஐம்பது வருஷ விழாக் கொண்டாடிய கையோடு தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஆஸ்டன் மார்ட்டின் கார் கம்பெனியின் தலைமையில் ஒரு குழு அதை வாங்கிக் காப்பாற்றப் பார்த்தது, நடக்கவில்லை. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியே வந்தது. பொதுவாக அதோடு ஒரு காரின் கதை முடிந்துவிடும். ஆனால் வைத்திருந்தவர்கள் விடவில்லை. உதிரிபாகம் கேட்டார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள், பழுதானதைத் தூக்கிப்போடாமல் பற்றவைத்து ஓட்டினார்கள். தேவை குறையவில்லை என்று பார்த்துத்தான் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடி எடுத்து, 1988-இல் எம்ஜிபிக்குப் புத்தம்புதிய உடற்கூட்டையே அடித்துக் கொடுக்க ஆரம்பித்தது. தயாரிப்பு நின்று எட்டு வருஷம் கழித்து! இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. தொழிற்சாலை கைவிட்டதை வைத்திருந்தவர்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

என் வண்டியோடு ஒரு நோட்டுப்புத்தகமும் வந்தது, நீ பார்த்ததில்லை. முன்பு வைத்திருந்தவர் பென்சிலில் எழுதியது. எந்த மாதம் எண்ணெய் மாற்றினார், எந்தப் பிளக் கருத்திருந்தது, எந்தப் போல்ட்டின் மரை தேய்ந்திருக்கிறது, எதை அழுத்தி முடுக்கக் கூடாது என்று எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் 'பாசிட்டிவ் எர்த், மறக்காதே' என்று இரண்டு முறை அடிக்கோடு. அந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனைதான் உடம்போடு சேரும், இப்போதைய வழக்கத்துக்கு நேர்மாறு. மாற்றி இணைத்தால் புதிதாகப் பொருத்திய ரேடியோ போய்விடும். அவர் எழுத்து முடிகிற பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்து நான் எழுதி வருகிறேன். அவரை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், ஆனாலும் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது எனக்குத் தெரியும்.

சரி, உன் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். இதில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம், அதற்குமேல் என் கால்தான். அதனால் நான் முன்னால் போகிற வண்டிக்கு நிறைய இடம் விட்டு ஓட்டுகிறேன். பிரேக் ஆயிலை வருஷம் தவறாமல் மாற்றுகிறேன். தோளோடு சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் போட்டாயிற்று. கொட்டுகிற மழையிலும் லாரிகள் நெருக்குகிற நெடுஞ்சாலையிலும் இதை எடுப்பதில்லை. அதற்கெல்லாம் இன்னொரு வண்டி இருக்கிறது, நீ வாங்கித் தர வேண்டாம். இதை ஓட்டும்போது எனக்குக் கவனம் சிதறுவதே இல்லை. சிதற அது விடாது. என் கண்ணோ காலோ தளர்ந்துவிட்டது என்று எனக்கே தோன்றுகிற நாளில் சாவியைக் கொடுத்துவிடுவேன், நோட்டுப்புத்தகத்தோடு. அதுவரை விற்கச் சொல்லிக் கேட்காதே.

நீ லீவில் வரும்போது டேப்பட் செட் பண்ண, அதாவது இன்ஜின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்ய, வேண்டியிருக்கும். இரண்டு பேர் இருந்தால் சீக்கிரம் முடியும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, நாலாவது கியரில் போட்டு நீ வண்டியை இஞ்ச் இஞ்சாகத் தள்ளு. நான் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கிறேன். இடைவெளி ஓர் இஞ்சில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருக்க வேண்டும். எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது முதல் வால்வைச் செட் பண்ண வேண்டும், ஏழாவது திறந்திருந்தால் இரண்டாவதை. இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும்; நீ எண்ணைச் சொல், நான் கழித்துக்கொள்கிறேன். இன்ஜின் ஆறியிருந்தால் நல்லது, அதனால் காலையிலேயே ஆரம்பித்துவிடலாம். கறை பட்டால் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு பழைய சட்டை எடுத்து வா.

அன்புடன்,
அம்மா