வாசிக்காதவரின் முகம்

அன்புள்ள மகனுக்கு,

புதிய தொலைக்காட்சிப் பெட்டி வந்து சேர்ந்ததையும், இசை நிகழ்ச்சிகளும் இசை பற்றிய ஆவணப்படங்களும் அதில் ஏராளமாகக் கிடைப்பதையும், ஆனால் எதைத் தொடங்கினாலும் கால் மணி நேரத்துக்குள் கை தானாகவே கைப்பேசியைத் தேடிப் போய்விடுவதையும் எழுதியிருந்தாய். எவற்றைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். கூடவே, இசையைக் கேட்டால் போதாதா, அதை எதற்காகப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றுவதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான்கு ஆண்டுகளாக என் வலது காதில் கேட்கும் திறன் குறைந்து வருவது உனக்குத் தெரியும். மேல் ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் மங்கின. வயலின் உச்சத்துக்கு ஏறும்போது இசை எனக்கு ஒரு திரைக்குப் பின்னால் போய்விடும். தொலைக்காட்சியில் வில் நகர்வதையும் விரல்கள் தந்தியில் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே கேட்டபோது, காது தவறவிட்டதைக் கண் எடுத்துக் கொடுத்தது. இப்படித் தேவைக்காகப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், அரங்கில் இருபதாவது வரிசையில் உட்கார்ந்து எத்தனையோ கச்சேரிகளைக் கேட்டும் நான் ஒருமுறைகூடக் காணாத ஒன்றைக் கண்டேன். அது, அந்த நேரத்தில் வாசிக்காமல் இருக்கும் கலைஞரின் முகம். தன் முறைக்குக் காத்திருப்பவர், பக்கத்தில் இருப்பவரை எப்படிக் கேட்கிறார் என்பதை அருகில் சென்று காட்டக் கேமராவால் மட்டுமே முடிகிறது.

இதற்குச் சிறந்த சான்றாக நான் கருதுவது அமெரிக்கப் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் பாடும் 'அமேசிங் கிரேஸ்' என்ற படம். 1972 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத் தேவாலயம் ஒன்றில் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் அவர் பாடியதைச் சிட்னி பொல்லாக் படமாக்கினார். அந்தப் பாடல்கள் அதே ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்து பெரும் புகழ் பெற்றன. படம் மட்டும் வெளிவரவில்லை. ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் கிளாப் பலகையைத் தட்டிப் பதிவு செய்யாததால், தனியாகப் பதிவான ஒலியையும் படச்சுருளையும் இணைக்க அன்றைய தொழில்நுட்பத்தால் இயலவில்லை. பின்னர் கணினியின் துணையால் அந்தச் சிக்கல் தீர்ந்தும், உரிமை குறித்த வழக்குகள் குறுக்கிட்டதால், அரேதா மறைந்த 2018ஆம் ஆண்டில்தான் படம் மக்கள் பார்வைக்கு வந்தது. அந்தப் பாடல்களை இசைத்தட்டில் பலமுறை கேட்டவளாகிய நான், பியானோவின் முன் இருந்த ஜேம்ஸ் கிளீவ்லண்ட் பாட்டின் நடுவே தொடர முடியாமல் முகத்தைத் துணியில் புதைத்து அழுததைப் படத்தில்தான் பார்த்தேன். இரண்டாம் இரவில் அரேதாவின் தந்தை எழுந்து வந்து, பாடிக்கொண்டிருக்கும் மகளின் முகத்தில் வழியும் வியர்வையைத் துடைத்துவிடுகிறார். அவர் பாட்டை நிறுத்தவில்லை, தந்தையைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எந்த ஒலிப்பதிவிலும் அந்தக் கை கேட்காது.

கேட்பவரின் முகம் சபையிலும் இருக்கிறது. 1967இல் கலிபோர்னியாவின் மான்டரேயில் நடந்த இசை விழாவை டி. ஏ. பென்னிபேக்கர் படமாக்கினார். அதில் ஜானிஸ் ஜாப்ளின் பாடி முடிக்கும்போது, சபையில் ஒருத்தியாக அமர்ந்திருந்த, தானும் புகழ்பெற்ற பாடகியான காஸ் எலியட் வியந்துபோய் வாய் திறந்து சொல்லும் ஒற்றைச் சொல், ஓசை கேட்காமலேயே நமக்குப் புரிகிறது. அதே படத்தின் இறுதிப் பகுதி பண்டிட் ரவிசங்கருடையது. சிதார் ஒலிக்கத் தொடங்கிய பின்னும் பென்னிபேக்கர் மேடையை உடனே காட்டுவதில்லை. விழாவுக்கு வந்திருந்த மக்களையே நெடுநேரம் காட்டிவிட்டு, இசை சூடு பிடித்த பிறகு ரவிசங்கரிடமும் தபேலா வாசிக்கும் அல்லா ரக்காவிடமும் வருகிறார். முதல் முறை பார்த்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆலாபனையின் நிதானத்துக்குள் புதிய சபை ஒன்றும் மெல்ல மெல்லத்தானே நுழைய முடியும் என்பது இரண்டாம் முறை பார்த்தபோது விளங்கியது.

ரவிசங்கரைச் சொன்ன பிறகு, 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக அவரும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட முடியாது. அலி அக்பர் கானின் சரோத்தோடும் அல்லா ரக்காவின் தபேலாவோடும் அமர்ந்த ரவிசங்கர் சுருதி சேர்த்து முடித்தவுடன், அதையே ஓர் உருப்படி என்று எண்ணிச் சபை கைதட்டுகிறது. சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக அவர் சொல்கிறார். அந்தச் சொற்களில் ஏளனம் சிறிதும் இல்லை. அறியாத சபையை அணைத்துக்கொள்ளும் பெரியவரின் குரல் அது. பிறகு சிதாரும் சரோதும் ஒன்றையொன்று கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் இடங்களில், கைகளை விட்டுவிட்டு இருவர் கண்களையும் மட்டும் பார்.

மேற்கத்திய சேர்ந்திசை உனக்கு அந்நியமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வியன்னா பில்ஹார்மோனிக் குழுவின் புத்தாண்டு நிகழ்ச்சி 1959 முதல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி வருகிறது. பெரும்பாலும் நடன மெட்டுகள் என்பதால் தொடங்குவதற்கு அது நல்ல வாசல். அவற்றில் 1989ஆம் ஆண்டு நிகழ்ச்சியைத் தேடிப் பார். குழுவின் முன் நின்று கையசைத்து அதை நடத்தியவர் கார்லோஸ் கிளைபர். சில இடங்களில் அவர் தாளம் காட்டுவதையே நிறுத்திவிட்டு, குழுவைத் தன் போக்கில் வாசிக்க விட்டு, மலர்ந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருக்கிறார். நடத்துநரின் வேலையில் பாதி கேட்பதுதான் என்பதை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். அரங்கில் உட்கார்ந்திருந்தால் அவருடைய முதுகைத்தான் பார்த்திருப்பேன்.

எல்லாக் கேமராவும் இப்படி உதவுவதில்லை. மூன்று நொடிக்கு ஒருமுறை கோணத்தை மாற்றி, பாடகரின் முகம், ஒளி வீச்சு, கூட்டம் என்று மாறி மாறி வெட்டிக்கொண்டே போகும் பதிவுகளில் இசை ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அதை யார் எப்படி உண்டாக்குகிறார் என்பதை நம்மால் பின்தொடரவே முடியாது. உன் கை கைப்பேசிக்குப் போவதற்கு உன் பொறுமையின்மை மட்டும் காரணம் அன்று, அத்தகைய படத்தொகுப்பும் ஒரு காரணம் என்பதே என் எண்ணம். அதற்கு மாற்றாக, டாக்கிங் ஹெட்ஸ் குழுவை ஜானதன் டெமி படமாக்கி 1984இல் வெளியிட்ட 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' படத்தைப் பார். வெறும் மேடையில் அந்தக் குழுவின் பாடகர் டேவிட் பர்ன் ஒரு கிட்டாரோடும் கேசட் பெட்டியோடும் தனியாக வந்து நிற்கிறார். பாட்டுக்குப் பாட்டு ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள், அவர்களுடைய கருவிகளும் மேடைப் பொருள்களும் நம் கண்ணெதிரிலேயே வந்து அமைகின்றன. சபையை டெமி ஏறக்குறைய கடைசி வரை காட்டுவதே இல்லை. யார் வந்தபோது இசையில் எது கூடியது என்பதை எண்ணிப் பார்க்கக்கூடிய இப்படி ஒரு படத்தை வேறு எங்கும் நான் காணவில்லை.

இனி ஆவணப்படங்கள். இவற்றைப் பார்ப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் கச்சேரிப் பதிவு ஒரு மாலையைக் காட்டுகிறது. ஆவணப்படமோ ஒரு கதையைச் சொல்கிறது. 1969 ஜனவரியில் பீட்டில்ஸ் குழு புதிய பாடல்களை உருவாக்கிக்கொண்டிருந்தபோது சுமார் 60 மணி நேரப் படமும் 150 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலியும் பதிவாயின. அவற்றிலிருந்து 1970இல் மைக்கேல் லின்ட்ஸே ஹாக் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான ஒரு படத்தை வெளியிட்டார். குழு பிரிந்த செய்தி வந்த சில வாரங்களில் அது வெளியானதால், பலரும் அதை ஒரு பிரிவின் படமாகவே பார்த்தார்கள். அதே பதிவுகளிலிருந்து பீட்டர் ஜாக்சன் 2021இல் ஏறத்தாழ எட்டு மணி நேரத் தொடரைத் தொகுத்தபோது, நண்பர்கள் சிரித்துக்கொண்டும் சலித்துக்கொண்டும் வேலை செய்யும் கதை வெளிப்பட்டது. படச்சுருள் ஒன்றுதான், எதை வைப்பது, எதை விடுவது என்ற தேர்வு மாறியது. அந்தத் தொடரின் நீளத்தைக் கண்டு மலைக்காதே. பால் மெக்கார்ட்னி கிட்டாரை மீட்டியபடி சொல்லில்லாமல் எதையோ முனகிக்கொண்டிருக்க, ஜார்ஜ் கொட்டாவி விட, ரிங்கோ கேட்டுக்கொண்டிருக்க, சில நிமிடங்களில் அந்த முனகல் உலகம் அறிந்த ஒரு பாட்டாகத் திரண்டு வரும் இடம் ஒன்று முதல் பகுதியில் உள்ளது. பிறக்கும் தறுவாயில் ஒரு பாட்டை இவ்வளவு அருகில் நான் கண்டதில்லை.

விடுபட்டவற்றைப் பற்றிச் சொல்லும்போது, ஆஸ்கர் விருது பெற்ற 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' படமும் நினைவுக்கு வருகிறது. டெட்ராய்ட்டில் கட்டட வேலை செய்துவந்த ரோட்ரிகஸ் என்ற பாடகர், தானே அறியாமல் தென்னாப்பிரிக்காவில் பெரும்புகழ் பெற்றிருந்த கதை அது. பார்க்கும்போது கண் கலங்கினேன். எனினும், அவர் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்து பாடியதைப் படம் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் முற்றிலும் மறக்கப்பட்டவர் என்ற கதையின் கூர்மை குறைந்திருக்கும். உண்மையாக இருப்பது மட்டும் ஆவணப்படத்துக்குப் போதாது, முழுமையாகவும் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆகவே படத்தைப் பார்த்த பிறகு அந்தக் கலைஞரைப் பற்றிச் சிறிதேனும் படித்துவிடு.

முன்வரிசையில் நிற்காதவர்களைப் பற்றிய படம் வேண்டுமானால், 2013இல் மோர்கன் நெவில் இயக்கிய '20 ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்' இருக்கிறது. மேடையில் புகழ்பெற்றவருக்குப் பின்னால் நின்று சேர்ந்து பாடும் பெண்களைப் பற்றியது அது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாட்டுக்காக நள்ளிரவில் அழைக்கப்பட்டு, கருவுற்றிருந்த நிலையிலேயே போய்ப் பாடிவிட்டு வந்த மெர்ரி கிளேட்டனின் குரலை, மற்ற ஒலிகளை எல்லாம் நீக்கிவிட்டுத் தனியாக ஒலிக்க விடுகிறார்கள். பழகிப்போன பாட்டுக்குள் இத்தனை காலம் ஒரு தனி மனுஷி நின்றுகொண்டிருந்தாள் என்பது அந்தக் கணத்தில் தெரிகிறது.

நாட்டியமும் இசைதான் என்று நம்புகிறவள் நான், ஆகவே சத்யஜித் ராய் பாலசரஸ்வதியைப் பற்றி 1976இல் எடுத்த 'பாலா' என்ற 33 நிமிடப் படத்தையும் சேர்க்கிறேன். கடற்கரையில் காற்று வீச அவர் ஆடும் 'கிருஷ்ணா நீ பேகனே' பகுதியைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கோ, அந்தக் காற்று ஆடையை அலைக்கழிக்கும்போது கவனம் சிதறுகிறது. இறுதியில், ஏழு வயதில் அரங்கேற்றத்தின்போது அணிந்த சலங்கையையே கட்டிக்கொண்டு, 58 வயதில் அவர் ஆடும் பதவர்ணத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பெட்டியின் அமைப்புகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பெரும்பாலான திரைப்படங்கள் நொடிக்கு 24 நிலைப்படங்களாக, அதாவது சட்டங்களாகப் பதிவானவை. புதிய பெட்டிகள் இடையிடையே தாமாகச் சட்டங்களை உருவாக்கிச் செருகி அசைவை வழவழப்பாக்கிவிடுவதால், பழைய கச்சேரிப் படங்கள் இயல்பு கெட்டுத் தெரிகின்றன. அந்த வசதியை அணைத்துவிடு. பேச்சைத் தெளிவாக்கும் ஒலி அமைப்பையும், ஒலி அளவைத் தானாகச் சமன் செய்யும் அமைப்பையும் இசைக்கு வைத்துக்கொள்ளாதே. மெதுவாக வாசிப்பதற்கும் ஓங்கி வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவை அழித்துவிடும். மெலிந்த பெட்டியின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்தபடி இருப்பதால், முடிந்தால் தனி ஸ்பீக்கர்களை இணைத்துக்கொள். புளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி சற்றுப் பிந்தி வந்தால் அமைப்புக்குள் சென்று நேரத்தைச் சரிசெய். தபேலாவில் விரல் விழுந்த பிறகு ஓசை வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரிய துன்பம். படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்காக அரேதாவின் படம் எத்தனை ஆண்டுகள் கிடந்தது என்பதை எண்ணிப் பார்.

வருகிற சனிக்கிழமை இரவு நான் 'அமேசிங் கிரேஸ்' படத்தை மறுபடியும் பார்க்கப் போகிறேன். நம் இருவருடைய நேரமும் வேறு வேறு என்பதால் சேர்ந்து தொடங்க இயலாது. உனக்கு ஒழிந்த இரவில், விளக்கைத் தணித்து, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு நீயும் பார். ஒன்றரை மணி நேரம்தான். முடிந்தவுடன் என்னை அழை, நள்ளிரவானாலும் பரவாயில்லை. கிளீவ்லண்ட் பியானோவிலிருந்து கையை எடுத்தபோது பாட்டைத் தாங்கி நின்றது யார் என்பதை நீ சொல்லக் கேட்க வேண்டும். என் இடது காதைத் தொலைபேசியோடு ஒட்டி வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா