செவப்பு டிப் ராடுக்கு பதிலா நீல டிப் ஏன் குடுக்கறோம்

ஆர்கான் வெல்டிங் பண்ற அண்ணன் தம்பிங்க எல்லாருக்கும் ராயபுரம் நம்ம கடையிலேர்ந்து வணக்கம்.

கொஞ்ச நாளா ஆர்க், அதான் வெல்டிங் தீப்பொறி, புடிக்கறதுக்கு டார்ச்சுல மாட்டற டங்ஸ்டன் ராடுல செவப்பு டிப் கேட்டா நாங்க நீலம் இல்லன்னா கோல்டு டிப் எடுத்துக் குடுக்கறோம், "கை பழகுன ராடுதானே, ஏம்பா மாத்துற"ன்னு நெறைய பேரு கேக்கறீங்க, நியாயமான கேள்வி.

செவப்புல 2 சதவீதம் தோரியம் ஆக்சைடு இருக்கு, தோரியம் கதிரியக்கம் உள்ளது. டப்பால கெடக்கற வரைக்கும் பெருசா பயமில்ல, ஆனா கிரைண்டிங் வீல்ல வச்சு கூரு சீவறப்போ மூஞ்சிக்கு நேரா பொடி பறக்குது பாருங்க, அது மூச்சுல உள்ள போய் நுரையீரல்ல தங்கிச்சுன்னா அங்கேர்ந்தே கதிர் வுட்டுக்கினு இருக்கும். காத்தோட்டம் இல்லாத ஷெட்டுல மாஸ்க் இல்லாம நீங்க தேய்க்கறத பாத்தா எங்களுக்கு மனசு கேக்கல.

நீலத்துல இருக்கறது லாந்தனம் ஆக்சைடு, 2 சதவீதம், கோல்டுல 1.5. லாந்தனம் அரிய மண் உலோகத்துல ஒண்ணு, அணு எண் 57, ஸ்வீடன்ல மொசாண்டர்னு ஒருத்தர் 1839ல சீரியம் உப்புக்குள்ள கலந்து கெடந்தத பிரிச்சு கண்டுபுடிச்சாரு. பேருதான் அரிய மண்ணு, பூமில ஈயத்த விட ஜாஸ்தியாவே இருக்கு. நம்ம மணவாளக்குறிச்சி கடலோர மண்ணுல வர்ற மோனசைட்டுங்கற தாதுல லாந்தனமும் தோரியமும் ஒண்ணாவேதான் கெடக்கு, ஆனா லாந்தனத்துல தோரியம் மாதிரி கதிர் பயம் கெடையாது.

உலோகமா பாத்தா வெள்ளி கலரு, கத்தியாலயே வெட்டலாம், காத்து பட்டா மங்கிடும், 920 டிகிரில உருகிடும், அப்புறம் ஆர்க் சூட்ட எப்டி தாங்கும்னு தோணும். அத உலோகமா சேக்கறதில்ல, ஆக்சைடாதான் டங்ஸ்டனோட கலக்கறாங்க. டங்ஸ்டன் 3422 டிகிரி வரைக்கும் உருகாம நிக்கும், லாந்தனம் ஆக்சைடு எலக்ட்ரான் சுலபமா வெளிய வர்றதுக்கு வழி பண்ணும், அதனால ஆர்க் டக்குனு புடிக்கும், கம்மி ஆம்பியர்லயும் அலையாது, கூரும் சீக்கிரம் மழுங்காது. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி, மெல்லிசு பைப்பு வேலை பண்றவங்களுக்கு இதான் பெரிய லாபம்.

செவப்புக்கு வச்ச அதே டிசி செட்டிங்ல ஓட்டுங்க, கூர மட்டும் நீளவாக்குல தேய்ங்க. எந்த ராடா இருந்தாலும் தேய்க்கறப்போ மாஸ்க் போட்டே ஆகணும். மிச்சம் வச்சிருக்கற செவப்பு ராட தீக்கறவங்க அந்தப் பொடிய ஊதாம, ஈரத்துணியால தொடச்சு எடுங்க.