போய்ப் பார்த்தால்தானே கூப்பிடுவார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நம் மலேசியக் கலைஞர்கள் வெளிநாடு போய்வர மானியம் வேண்டும் என்று போன ஞாயிறு எழுதியிருந்தீர்கள். சரிதான். எந்தப் பயணத்துக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

என் அண்ணன் மகன் உறுமி மேளம் வாசிப்பவன். பகலில் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, இரவில் மேளப் பயிற்சி. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பாதையில் நின்றவர்களுக்கு உறுமியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கடல் தாண்டினால் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

2024 டிசம்பரில் அவன் ஜப்பானின் யோக்கோஹாமாவில் நடக்கும் நிகழ்கலைச் சந்தைக்குப் போனான். 1995இல் தோக்கியோவில் தொடங்கி 2011இல் அங்கே இடம் மாறிய சந்தை அது. விழா நடத்துபவர்களும் அரங்க நிர்வாகிகளும் கூடி, இனி யாரை அழைக்கலாம் என்று பார்க்கும் இடம். நம் பிள்ளைகளோ டிசம்பர் என்றால் சென்னைக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள். மார்கழிக் கச்சேரியைக் குறை சொல்லவில்லை. நானே இரண்டு முறை போய், பாட்டைவிட சபா கேன்டீனை அதிகம் ரசித்தவன். ஆனால் அங்கே நாம் சந்திப்பது நம்மவர்களைத்தான்.

மானியம் கேட்டுப் போனவனிடம் அழைப்புக் கடிதம் எங்கே என்றார்கள். மேடையேறப் போகவில்லை, ஆட்களைப் பார்க்கப் போகிறேன் என்றால் பாரத்தில் அதற்குக் கட்டமே இல்லை. கிடைத்தாலும் முதலில் கைக்காசைப் போட்டு, அப்புறம் ரசீது காட்டி வாங்க வேண்டுமாம். கடைசியில், அந்த மே மாதம்தான் வந்திருந்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) மூன்றாம் கணக்கில், அதாவது எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய சேமிப்பில், கை வைத்தான். ஜப்பானுக்கு நமக்கு விசா தேவையில்லை, அந்த மட்டும் மிச்சம்.

அங்கே ஒரு காப்பிக் கடையில் கைப்பேசியைத் திறந்து இருபது வினாடி வீடியோ காட்டியிருக்கிறான். அடிக்காமலே சத்தம் எப்படி வருகிறது என்று ஒரு விழாக்கார அம்மையார் கேட்டாராம். வளைந்த குச்சி தோலை உரசுவதை எப்படிச் சொல்வது? விரலைத் தண்ணீரில் நனைத்து மேசையில் அழுத்தித் தேய்த்தான். அது முனகியது. பக்கத்து மேசைக்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது 43 விசிட்டிங் கார்டுகள். இப்போது எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

ஒரே சந்திப்பில் யாரும் அழைத்துவிடுவதில்லை. இரண்டாம் தடவை முகம் காட்டினால்தான் பேச்சு நகரும். கல்யாணத் தரகருக்கே இது தெரியும். ஆகவே மானியம் தருபவர்கள் அழைப்புக் கடிதம் இல்லாத பயணத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்கட்டும். பாதிப் பணத்தையாவது முன்கூட்டியே தரட்டும். போனவனையே மறுபடி அனுப்பத் தயங்க வேண்டாம். கணக்கு தாராளமாகக் கேட்கட்டும்: யாரைப் பார்த்தான், என்ன பேசினான், யார் பதில் போட்டார்கள் என்று. கைதட்டிய கூட்டத்தின் படம் மட்டும் எதற்கு?

மார்ச்சில் அந்த அம்மையாரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. டிசம்பரில் மறுபடி வருவீர்களா, உட்கார்ந்து பேசலாம் என்று. மூன்றாம் கணக்கில் இப்போது எடுக்க ஒன்றுமில்லை. என்ன பதில் போடுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு