எதிராகக் கை தூக்கினேன், மாப்ளே

அன்பு மாப்ளே,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நீ கோபப்பட்டால் அது நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டாள், அவள் அறையில் இப்போது என் பெயின்ட் மேசை. டொராண்டோவில் பனி விட்டதா? அக்காவின் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை, பொம்மைப் படைகளை வைத்துப் பழைய சண்டைகளை மேசையில் ஆடுகிற நம் கிளப்பில் ஓட்டெடுப்பு. இந்த வருடப் பெரிய ஆட்டம் நெப்போலியனின் லைப்சிக் போர், 1813. அதில் முதல் நாள் வாஹாவ் சண்டையை மட்டும் ஆடுவதாக முடிவு. எந்த ரூல்ஸ் என்பதில்தான் தகராறு. ஒரு பக்கம் பிளாக் பவுடர், இன்னொரு பக்கம் சாம் முஸ்தஃபாவின் புளூக்கர். ஒன்பது பேரில் நாலுக்கு நாலு. மிச்சம் நான். அண்ணாச்சி என்னைக் கேட்கக்கூட இல்லை, நோட்டில் 'பிளாக்' வரைக்கும் எழுதிவிட்டார். நான் புளூக்கருக்குக் கை தூக்கினேன்.

பிளாக் பவுடரை எழுதியவர்களில் ஒருவரான ரிக் பிரீஸ்ட்லிக்கு எதிராக நான் கை தூக்கியது இதுதான் முதல் தடவை. என்னை 'பிரீஸ்ட்லி பக்தன்' என்று இருபது வருடமாகக் கூப்பிடுபவன் நீ. அதனால் உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

காரணம் மேசை. சர்ச் ஹாலில் இருக்கிற மேசை உனக்குத் தெரியும், ஆறடிக்கு நாலடி. பிளாக் பவுடரில் குதிரைப்படை ஒரு நகர்வுக்குப் பதினெட்டு அங்குலம் போகும். பகடை நன்றாக விழுந்தால் மூன்று நகர்வு. ஐம்பத்து நாலு அங்குலம்! நாலடி மேசையில் அது எதிரி வரிசையைத் தாண்டி ஜன்னல் பக்கம் போய் விழும். தூரத்தையெல்லாம் பாதியாக்கி ஆடலாம், ஆடியும் இருக்கிறோம். ஆனால் வாஹாவில் இறங்கிய படை கொஞ்சநஞ்சமில்லை. அத்தனை பட்டாலியன்களையும் அந்த மேசையில் நிறுத்தினால் நகர இடமே இருக்காது. புளூக்கரில் ஒரு பேஸ், அதாவது பொம்மைகள் நிற்கிற ஒரு தட்டு, பல பட்டாலியன் சேர்ந்த ஒரு பிரிகேட், அதனால் மேசையில் காற்று இருக்கிறது. சரியான முடிவுதான் எடுத்தேன். ஆனாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். 2000இல் பிரீஸ்ட்லியின் வார்மாஸ்டர் ரூல்ஸ் வந்தபோது, கட்டளை பலிக்க இரண்டு பகடையின் கூட்டு தளபதியின் எண்ணுக்குள் விழ வேண்டும், அதே யூனிட்டுக்கு அடுத்த கட்டளை கொடுத்தால் ஒன்று கழியும் என்று படித்தோமே. ஒன்பது வருடம் கழித்து பிளாக் பவுடரைத் திறந்ததும் அந்தக் கை எனக்குத் தெரிந்துவிட்டது. அதே இரண்டு பகடை, சாதாரணத் தளபதிக்கு அதே எட்டு. ஆனால் இந்த முறை கட்டளையை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் பகடை. சொன்னது சொன்னதுதான். 2011இல் அவருடைய ஹெய்ல் சீசர் வந்தபோது முன்னுரையைக்கூடப் படிக்காமல் ஆட உட்கார்ந்தேன். ஒரு சமையல்காரரின் ரசத்தை வாயில் வைத்ததும் யார் கைப்பக்குவம் என்று தெரிகிறதே, அப்படி. புத்தகத்தில் பதில் இல்லாத இடம் வந்தாலும் இந்த மனிதர் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், சண்டையில்லாமல் ஆட்டம் நகரும். இரட்டை ஆறு விழுந்து கட்டளை குழம்பி, உன் குதிரைப்படை டீ குடிக்கப் போன மாதிரி எங்கோ போன அன்றுகூட நாம் யாரும் புத்தகத்தைத் திட்டவில்லை, நம் கிளப் டாக்டரைத்தான் திட்டினோம்.

பெரிய கம்பெனிகளின் புத்தகங்கள் பலவற்றில் இப்போது எழுதியவர் பெயரே இருப்பதில்லை. அதில் எனக்கு உண்மையான வருத்தம். மூன்று வருடத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, போன பதிப்பு குப்பை. யாருடைய முடிவு, ஏன் மாற்றினார் என்று கேட்க முகம் இல்லை. முகம் இல்லாத இடத்தில் விசுவாசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இன்னொன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது. 1983இல் வார்ஹாமர் ஆட்டத்தின் முதல் பெட்டியை எழுதியவர்கள் மூன்று பேர்: ஆன்செல், ஹாலிவெல், பிரீஸ்ட்லி. ஹாலிவெல் 2021இல் போனார். ஆன்செல் 2023 டிசம்பரில். நம் ஹாஸ்டல் அறையில் சாக்பீஸால் ஆறு வரைந்து அட்டையில் வீடு வெட்டி விடிய விடிய ஆடினோமே, அந்த ராத்திரிகளை நமக்குக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். இந்த நேரத்தில் போய் அந்த மனிதருக்கு எதிராகக் கை தூக்கினேனே என்றுதான் அன்றைக்கு இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒத்திகை ஆட்டம் போட்டோம். முஸ்தஃபா ஒரு காரியம் செய்திருக்கிறார் பார்! உன் முறை வந்தால், எவ்வளவு நகரலாம் என்று சொல்கிற பகடையை உருட்டுவது நீ இல்லை, எதிராளி. உருட்டிவிட்டு ஒரு கப்பால் மூடி வைத்துக்கொள்வார். நீ ஒவ்வொரு படையாக நகர்த்துகிறாய், அவர் மனதுக்குள் கழித்துக்கொண்டே வருகிறார். தீர்ந்ததும் கப்பைத் தூக்கி 'முடிந்தது' என்பார். எவ்வளவு மிச்சம் என்று உனக்குத் தெரியவே தெரியாது. நான் பீரங்கிகளை முன்னே கொண்டுபோய்விட்டு, காலாட்படையைத் தொடப் போன நேரத்தில் அண்ணாச்சி கப்பைத் தூக்கினார். கட்டளை போய்ச் சேருமா சேராதா என்கிற அதே தவிப்பு. பிரீஸ்ட்லி எனக்குச் சொல்லிக்கொடுத்த தவிப்பு அது, வேறொருவர் கையிலிருந்து வருகிறது. அந்த இடத்தில்தான் மனம் லேசானது. புளூக்கரை ரசிக்கிற கண்ணே அந்த மனிதர் திறந்துவிட்டதுதான்.

இப்போது உன் பக்கம். உனக்குப் பிடித்த ரூல்ஸ் எழுத்தாளர் ஃபில் பார்க்கரின் வாக்கியங்களை வக்கீல் நோட்டீஸ் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! ஒரு வாக்கியத்துக்குள் மூன்று 'தவிர', நாலு 'ஆயின்'. போன வாரம் அவருடைய டிபிஏ ரூல்ஸை மறுபடி எடுத்துப் பொறுமையாகப் படித்தேன். ஒரு சொல்லை எடுத்தால் ஒரு ஓட்டை விழுகிறது, அவ்வளவு இறுக்கம். ஆளுக்குப் பன்னிரண்டே படைத் துண்டுகள். முறைக்கு ஒரே ஒரு பகடை, அதில் ஒன்று விழுந்தால் ஒரே ஒரு நகர்வு. ஒரு மணி நேரத்தில் ஒரு சாம்ராஜ்யம் விழுந்துவிடுகிறது. அதோடு, தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரு படைப் பட்டியல் போட்டு நம் யானைகளை மேசையில் ஏற்றியவர் அவர். 'இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு நம்மை நினைத்த மனுஷன்டா' என்று நீ சொல்வாய். அப்போது நான் காதில் வாங்கவில்லை.

அதனால் ஒரு உதவி. உன்னிடம் இருக்கிற பழைய டிபிஏ புத்தகத்தை, ஓரமெல்லாம் பென்சிலால் நீ எழுதி வைத்திருப்பாயே, அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. முக்கியமாக யானை பின்வாங்கும்போது பின்னால் நிற்பவனுக்கு என்ன ஆகும் என்ற பக்கம். யானைகளுக்கு அடிப்பூச்சு முடிந்தது. சாம்பல் நிறம் காய்ந்துகொண்டிருக்கிறது, நெற்றிப்பட்டத்துக்கு மஞ்சளா சிவப்பா என்று நீ சொல்கிற வரை தொட மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம்.

உன் மச்சான்