தண்ணீர்மலைக் குரங்குகளுக்குப் பழம் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்திலும், பக்கத்துத் தாவரவியல் பூங்காவிலும், கொடிமலைப் பாதையிலும் அர்ச்சனைத் தட்டில் மீந்த வாழைப்பழம், பொங்கல், ரொட்டி எல்லாவற்றையும் குரங்குகளுக்குக் கொடுப்பது நம்மவர்களிடம் வழக்கமாகிவிட்டது. ஆஞ்சநேயருக்கே கொடுப்பதாக எண்ணித்தான் கொடுக்கிறார்கள். அந்த மனத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே இருப்பவை இரண்டு வகைக் குரங்குகள். இரண்டுக்கும் பல் வேறு, கை வேறு, வயிறு வேறு. நாம் கொடுப்பது ஒன்றுக்கு நோயாகிறது, மற்றதற்குக் கெட்ட பழக்கமாகிறது.

பழுப்புச் சாம்பல் நிறத்தில், கூட்டமாகத் தரையில் திரிந்து, பிளாஸ்டிக் பையைக் கண்டதும் ஓடிவருவது கெரா என்கிற நீளவால் குரங்கு. உடல் கருஞ்சாம்பலாக, மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் கண்களைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, பெரும்பாலும் மரத்திலேயே உட்கார்ந்திருப்பது லோத்தோங் என்கிற இலைக்குரங்கு. பிறந்த லோத்தோங் குட்டி மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் பளிச்சென்று இருக்கும், சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். இந்த இரு கிளைகளும் பிரிந்து ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஒன்று இலையை நம்பி வளர்ந்தது, மற்றது கிடைத்ததையெல்லாம் தின்று வளர்ந்தது.

இலையைச் செரிப்பது லேசான காரியமில்லை. அதிலுள்ள நாரை உடைக்கும் நொதி எந்தப் பாலூட்டிக்கும் சொந்தமாகச் சுரப்பதில்லை, நுண்ணுயிர்கள்தான் உடைத்துத் தரவேண்டும். அதற்கு இடம்கொடுக்கத்தான் லோத்தோங்கின் இரைப்பை பெருத்து, பல அறைகளாகப் பிரிந்திருக்கிறது. அமிலம் சுரப்பது கடைசி அறையில். முன் அறைகளில் அமிலம் குறைவாக இருப்பதால் நுண்ணுயிர்கள் அங்கே இலையை மணிக்கணக்கில் புளிக்கவைத்து, விலங்குக்குச் சக்தி தரும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இட்லி மாவுப் பானையை நினைத்துக்கொண்டால் போதும். அதில் பழுத்த வாழைப்பழமோ ரொட்டியோ போய் விழுந்தால், சர்க்கரையில் செழிக்கும் நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அமிலம் ஏற ஏற, நாரை உடைக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும். வாயு அடைத்து வயிறு உப்பும், கழிச்சல் பிடிக்கும், முற்றினால் உயிரே போய்விடும். மாட்டுப் பொங்கலன்று ஆசையாகப் பொங்கலை அள்ளி வைத்து, மறுநாள் மாடு வயிறு ஊதிக் கிடந்ததைப் பார்த்த தோட்டப்புறத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாட்டின் வயிற்றிலும் நடப்பது இதேதான்.

மாட்டைச் சொன்னது வெறும் உவமைக்காக இல்லை. கண்ணீரிலும் எச்சிலிலும் கிருமிகளை உடைக்கும் லைசோசைம் என்கிற புரதம் நமக்கும் உண்டு. மாடும் இலைக்குரங்கும் அதே புரதத்தை இரைப்பையிலும் சுரந்து, முன் அறையிலிருந்து வழிந்துவரும் நுண்ணுயிர்களையே உடைத்துச் செரித்துக்கொள்கின்றன. இந்தியாவின் அனுமன் மந்தியும் லோத்தோங்கின் உறவுக்காரன்தான், அதுவும் இலைக்குரங்கு. அந்த அனுமன் மந்தியின் இரைப்பை லைசோசைமையும் மாட்டினுடையதையும் ஒப்பிட்ட ஆய்வு 1987இல் வெளிவந்தது. கடும் அமிலத்திலும் கெடாமல் வேலைசெய்ய ஏற்ற ஒரே மாதிரியான மாற்றங்கள் இரண்டிலும் தனித்தனியாக ஏற்பட்டிருந்தது அதில் தெரிந்தது. நெருங்கிய உறவே இல்லாத இரண்டு உயிர்கள், ஒரே உணவைத் தேடிப்போய் ஒரே வழியில் வந்து நிற்கின்றன. பரிணாமத்தைப் பள்ளியில் சொல்லித்தர இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

லோத்தோங் காட்டில் பழமே தின்னாதா என்று கேட்கலாம். தின்னும், ஆனால் பெரும்பாலும் காயாக, விதையோடு சேர்த்து. பசாரில் வாங்கும் வாழைப்பழத்தின் அளவுக்குக் காட்டுப் பழத்தில் சர்க்கரை இருக்காது, நார் அதிகம். அதன் கடைவாய்ப்பற்களும் இலையை நறுக்குவதற்கு ஏற்றபடி உயர்ந்த கூர்முகடுகளோடு இருக்கின்றன. சாப்பிட்டதும் நெடுநேரம் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சோம்பேறிக் குரங்கு என்று சிலர் சொல்கிறார்கள். உள்ளே பானை புளித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு அந்த ஓய்வு தேவை.

கெராவின் உடல் வேறு கணக்கு. வயிறு நம்முடையதுபோல் ஒற்றைப் பை. கன்னத்தின் உட்புறத்திலிருந்து கழுத்துப் பக்கமாக இறங்கும் இரண்டு பைகள் உண்டு. கிடைத்ததை முந்தானையில் முடிந்துகொள்வதுபோல் அதில் திணித்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்கு ஓடி, புறங்கையால் கன்னத்தை அழுத்தி மெல்ல மெல்ல வாய்க்குத் தள்ளித் தின்னும். தட்டிப் பறித்துக்கொண்டு ஓடும் குணம் அந்தப் பையோடு சேர்ந்தே வந்தது. லோத்தோங்குக்குக் கன்னப்பை இல்லை. அதன் கட்டைவிரலும் குட்டை, மற்ற நான்கு விரல்களைக் கொக்கிபோல் கிளையில் மாட்டத்தான் அந்தக் கை. கெராவின் கட்டைவிரலோ ஆட்காட்டி விரலோடு நன்றாகச் சேரும். பையின் ஜிப்பைத் திறக்கும், டப்பா மூடியைப் பெயர்க்கும். ஒருமுறை பழம் கிடைத்த இடத்துக்கு மறுபடி மறுபடி வரும், கொடுக்காதவர் கையிலிருந்து பிடுங்கும். ஆண் கெராவின் மேல் கோரைப்பல் கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப்பல்லில் உரசி உரசித் தானாகவே கூர்தீட்டிக்கொள்வது. அதனால் கடி ஆழமாக இறங்கும்.

கெரா வாயைத் திறந்து உற்றுப் பார்த்தால் மிரட்டுகிறது என்று பொருள். பல்லைக் காட்டினால் பயந்திருக்கிறது, பயந்த குரங்கும் கடிக்கும். கண்ணோடு கண் பார்க்காமல், வெறுங்கையை விரித்துக் காட்டி, ஓடாமல் மெல்லப் பின்வாங்க வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் இருப்பது ஆபத்து.

தீனிக்குப் பழகிய லோத்தோங்குக்கு இன்னொரு கேடும் உண்டு. நீண்ட பின்னங்கால்களால் கிளைக்குக் கிளை தாவிப் பிழைக்கும் உடல் அது. நீண்ட வால் பாய்ச்சலில் சமநிலைக்கு உதவும், பற்றித் தொங்க உதவாது. உணவுக்காகச் சாலையோரம் இறங்கினால் காரில் அடிபடுகிறது, மரங்களுக்கு நடுவே இடைவெளி அகன்றால் மின்கம்பியைப் பிடிக்கிறது. தெலுக் பகாங் சாலைக்கு மேலே 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு பாலம் கட்டியது, குரங்குகள் தரையில் இறங்காமல் சாலையைக் கடக்கத்தான்.

கோயில் நிர்வாகங்களுக்கும் பூங்கா நிர்வாகத்துக்கும் எங்கள் கோரிக்கை இதுதான். "உணவளிக்காதீர்" என்று மட்டும் எழுதிய பலகையை யாரும் மதிப்பதில்லை. காரணத்தையும் தமிழில் எழுதுங்கள்: லோத்தோங் வயிறு உப்பிச் சாகும், கெரா பறிக்கப் பழகும். குப்பைத் தொட்டிக்கு வெறும் மூடி போதாது, கல்லைத் தூக்கி வைத்தாலும் கெரா தள்ளிவிடும், தாழ்ப்பாள் வேண்டும். மீந்த பிரசாதத்தைப் போட மூடியுள்ள கூடை ஒன்றைப் படியிறங்கும் இடத்திலேயே வைத்து, அன்றாடம் இருட்டுவதற்குள் அப்புறப்படுத்த வேண்டும். தைப்பூசத்தன்று உடைத்த தேங்காய்களை மறுநாள் காலைவரை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. சாலையோர மரங்களைக் கழிக்கும்போது இருபக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்கிளைகளை மட்டுமாவது வெட்டாமல் விடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள் சிலர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு