இரண்டு மின் ஃபீடுக்கு வாடகை, ஒரே ஃபீடில் இரண்டு வயர்: புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவை, கோலொகேஷன் பிரிவு

பொருள்: அரை ரேக் ஒப்பந்தம், சர்வர்கள் நின்றுபோனது, உள்ளே விட மறுத்தது தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான் எழுதுவது இது ஏழாவது முறை. முதல் ஆறும் டிக்கெட்டாகப் போய், 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டன. தீர்ந்தது என் பொறுமைதான்.

சர்வர்களை எங்கே வைப்பது என்று மூன்று டேட்டா சென்டர்களைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தோம். மற்ற இரண்டிலும் வாடகை குறைவு. உங்கள் விற்பனைப் பிரதிநிதி ஜெனரேட்டரைக் காட்டினார், பேட்டரி அறையைக் காட்டினார். சர்வர்களை அடுக்கும் ரேக்கின் பின்கதவைத் திறந்து, சர்வர் வயர்களைச் செருகும் இரண்டு பவர் பட்டைகளை, ஏ ஃபீடுக்குச் சிவப்பு பி.டி.யு., பி ஃபீடுக்கு நீல பி.டி.யு. என்று, தொட்டே காட்டினார். "ஒரு பக்கம் கரண்ட் போனாலும் இன்னொரு பக்கம் இருக்கும் சார், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் 21 யூ (அரை ரேக் உயரம்) இடத்துக்கு இரண்டு ஃபீடும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டோம்.

போன மாதம் ஏ ஃபீடில் பராமரிப்பு வேலை, காலை 6 மணிவரை இருக்கும் என்று மெயில் அனுப்பினீர்கள். பி ஃபீட் இருக்கிறதே என்று நிம்மதியாகப் படுத்தேன். இரவு 1:10-க்கு ஐந்து சர்வரும் ஒரே நேரத்தில் செத்தன.

ரிமோட் ஹேண்ட்ஸ், அதாவது எங்களுக்குப் பதிலாக ரேக்கைப் போய்ப் பார்க்கும் உங்கள் ஆள், 30 நிமிடத்தில் வருவார் என்பது உங்கள் ஒப்பந்தம். 2 மணிவரை யாரும் ரேக் பக்கமே போகவில்லை. நானே கிளம்பி 2:40-க்கு வாசலுக்கு வந்தேன். பட்டியலில் என் பெயர் இல்லையாம். வாட்ச்மேனைக் குறை சொல்ல மாட்டேன், அன்று எனக்கு நாற்காலி போட்ட ஒரே ஆள் அவர்தான். உங்கள் ஹெல்ப்லைனில் பேசியவரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "டிக்கெட் போடுங்க." உங்கள் வாசலில்தான் நிற்கிறேன் என்றேன். "எங்க நின்னாலும் டிக்கெட் போட்டாத்தான் சார். சர்வர் உங்களோடது, அதுக்கு நாங்க என்ன பண்றது?" அப்புறம் 11 நிமிடம் பாட்டு. சரி என்று போனிலேயே படிவத்தைத் திறந்தால், வருகைத் தேதியில் இன்றைய தேதியை அமுக்கவே முடியவில்லை. 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டுமாம். சர்வர் சாகப் போவதை நான் முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டும் போல!

ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஷிஃப்ட் மாறி வந்த சூப்பர்வைசர் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

பின்கதவைத் திறந்தேன். எங்கள் ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பவர் சப்ளை. இரண்டின் வயரும் சிவப்பு பி.டி.யு.வில்! 'பி' என்று ஸ்டிக்கர் ஒட்டிய வயர்கூட சிவப்பில்தான் செருகியிருந்தது. பக்கத்திலேயே நீல பி.டி.யு. உயிரோடு இருந்தது, அதன் சின்னத் திரையில் 0.0 ஆம்பியர். நான்கு மாதமாக அந்தச் சைபருக்கு வாடகை கட்டியிருக்கிறோம். ஐந்து வயரைப் பிடுங்கி நீலத்தில் நானே மாற்றினேன். 4:50-க்கு எல்லாம் எழுந்துகொண்டன. போட்டோ என்னிடம் இருக்கிறது.

வயரை மாட்டியது உங்கள் ஆள், அதற்குத் தனிக் கட்டணமும் வாங்கினீர்கள். நீங்களோ 'வாடிக்கையாளர் உபகரணத்தில் கோளாறு' என்று பதில் எழுதுகிறீர்கள். ஏ, பி ஃபீட் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த மீட்டரைத் தினமும் பார்ப்பது நீங்கள்தானே? ஒரு பக்கம் மட்டுமே முழு லோடையும் தாங்கும்படி கணக்குப் போட்டு நாங்கள் எழுதிக் கொடுத்த தாளும் உங்களிடம்தான் இருக்கிறது.

நிற்காமல் ஓடும் என்று நீங்கள் சொல்லும் 99.99 சதவீதம் என்றால், நிற்கலாம் என்பது வருடத்துக்கு சுமார் 52 நிமிடம்தான். எங்களுக்கு நின்றது 220 நிமிடம், அதாவது நான்கு வருடக் கணக்கை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டீர்கள். அதற்கு ஒரு நாள் வாடகையைக் கழித்து கிரெடிட் நோட்! பத்து வருடமாகச் சேர்த்த பெயர் போய்விட்டது, இனி ஒருவரும் எங்களை நம்பப் போவதில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள், மற்றவர்கள் எப்போது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தயவுசெய்து நான்கு மாத பி ஃபீட் கட்டணத்தையும் இன்ஸ்டாலேஷன் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். யார், எப்படித் தவறாக மாட்டினார் என்று எழுத்தில் கொடுங்கள். அந்த ஹெல்ப்லைன் அழைப்பின் பதிவை நீங்களே ஒருமுறை கேளுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் அடுத்து வருவது வக்கீல் நோட்டீஸ். சர்வர்களையும் எடுத்துக்கொண்டு போய்விடுவோம், ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடிப்பதற்கு அபராதம் என்ற பேச்சே வரக்கூடாது. உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஐந்து சர்வரை இடம் மாற்றுவது என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும்.

அன்று வாசலில் உட்கார்ந்து, மறுநாள் தேதி போட்டு நான் அனுப்பிய டிக்கெட் இன்றும் 'அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்றே காட்டுகிறது. அதையாவது மூடிவிடுங்கள்.

இப்படிக்கு,
அரை ரேக் வாடிக்கையாளர்