விழிப்புணர்வு குறைந்த ஒருவனின் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையின் பிராந்தியச் செய்திப் பக்கத்தில் எங்கள் உள்ளூராட்சி சபையின் மாதாந்த அமர்வு பற்றிச் சின்னதாக ஒரு செய்தி வந்திருந்தது. சபை வாசலில் நிற்கும், வரி கட்டும் தொடுதிரை இயந்திரத்தை ஏன் ஒருவரும் பாவிப்பதில்லை என்று கேள்வி எழுந்ததாம். "இயந்திரத்தில் பிழை இல்லை, பொதுமக்களிடம் டிஜிட்டல் விழிப்புணர்வு குறைவு" என்று உறுப்பினர் ஒருவர் பதில் சொன்னாராம். உங்கள் நிருபரும் அதை அப்படியே எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். அந்தப் பொதுமக்களில் நானும் ஒருவன். வயது எழுபது. தபால் திணைக்களத்தில் முப்பத்தேழு வருடம் கவுண்டருக்கு உள்பக்கம் இருந்தவன். என் விழிப்புணர்வு எவ்வளவு குறைவு என்பதைத் தாங்களே பாருங்கள்.

எந்தச் சபை என்று எழுதவில்லை. எழுதினால் குப்பை டிரக்டர் என் ஒழுங்கைக்கு வராது. இப்போதே பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. மட்டக்களப்பு மாவட்டத்தில் வாவியோரத்துச் சபை என்றால் தங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டும் சோலைவரியை நான் தவணைக்குத் தவணை இழுக்கிறவன் அல்ல. ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு. அதை ஒரு வருடமும் விட்டதில்லை. 2025 ஜனவரியிலும் போனேன். வாசலில் வழமையாக நாங்கள் உட்காரும் நீள வாங்கைக் காணவில்லை. அந்த இடத்தில் ஆளுயர இயந்திரம் ஒன்று நின்றது. "ஐயா, இனி இதிலதான்" என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை. திரையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது. தமிழ் என்று ஒரு பொத்தானும் இருந்தது, அதை அமத்தினால் பெட்டி பெட்டியாகத்தான் வந்தது. கடைசியில் அந்தப் பிள்ளையே எழும்பி வந்து எனக்காக ஒவ்வொன்றாக அமத்தினாள். அவளுடைய வேலையைக் குறைக்க வாங்கிய இயந்திரம் அவளைக் கதிரையிலிருந்து எழுப்பியதுதான் மிச்சம். என் ஆயிரம் ரூபா நோட்டை அது மூன்று தரம் வெளியே தள்ளி, நாலாம் தரம் விழுங்கி, விரல் அகலத்தில் ஒரு துண்டைத் துப்பியது.

துண்டில் என் பெயர் இல்லை. ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கே, எல், அரைப்புள்ளி, எல் என்று ஆங்கிலத்தில் ஏதோ ஓடியது. வீட்டுக்கு வந்து பேரனிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அம்மப்பா, இது மட்டக்களப்புதான்" என்றான். கந்தோரில் காலங்காலமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிவைத்த பெயர்களை அப்படியே தூக்கிப் புது மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். பாமினியில் 'ம' தட்ட கே, 'ட்' தட்ட எல்லும் அரைப்புள்ளியும். அதை இப்போது எல்லாக் கணினியிலும் உள்ள யுனிகோட் குறியீட்டுக்கு மாற்றாமல் விட்டால் இப்படித்தான் வருமாம். மாற்ற அரை நாள் வேலை என்கிறான் பதினேழு வயதுப் பொடியன். தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கு இலங்கைத் தரம் 1326 என்று 2008இலேயே வந்துவிட்டதாகவும் அவனே தேடிச் சொன்னான்.

பேரன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு சிங்களச் சோதனை எழுத மாட்டேன் என்று நின்று, சம்பள உயர்வை இழந்த எழுதுவினைஞர். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழே நிருவாக மொழி என்றது. அதற்குப் பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தில், தமிழர் நடத்தும் கந்தோரில், தமிழன் கட்டிய வரிக்குத் தமிழில் பற்றுச்சீட்டு இல்லை. அப்பாவுக்காவது எதிர்த்துப் பேச முன்னால் ஒரு மேலதிகாரி இருந்தார்.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன். கடந்த ஐப்பசியில் எனக்கு ஓர் அறிவித்தல் வந்தது. 2025ஆம் ஆண்டுச் சோலைவரி நிலுவையாம், அதை அறவிட எழுதும் விறாந்துச் செலவும் சேர்த்துக் கட்ட வேண்டுமாம். ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். 1987ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டு இருக்கிறது. காபன் தாளில் விழுந்த நீல எழுத்து, எழுதுவினைஞரின் கோணல் கையெழுத்து, றப்பர் முத்திரை, எல்லாம் அப்படியே. 2025 ஜனவரித் துண்டையும் எடுத்தேன். வெள்ளைக் கடதாசி. ஒரு எழுத்து இல்லை. வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அது சூட்டில் எழுத்து விழும் கடதாசியாம். நமது ஊர் வெக்கையில், அதுவும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால், நாளடைவில் வெளிறிவிடுமாம். பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிடக் கவனமான மனிதர், தன்னுடைய துண்டை லமினேட் பண்ணினார். சூட்டில் அது முழுக்கக் கறுத்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு துண்டோடு கந்தோருக்குப் போனோம், ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு.

"சிஸ்டத்தில இல்லாட்டி நாங்க ஒண்டும் செய்ய ஏலாது ஐயா" என்றாள் அந்தப் பிள்ளை. அவளைக் குறை சொல்லவில்லை. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளியில் எங்கள் உபதபால் கந்தோரின் கூரை போனது. சேமிப்புக் கணக்குப் பேரேட்டை ஒயில் சீலையில் சுற்றி, பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து, அதன் மேலேயே குந்தியிருந்தேன். விடிந்த பிறகு ஒருவருடைய ஒரு சதக் கணக்கும் அழியவில்லை. இந்த இயந்திரத்துக்கு ஒரு காற்றும் அடிக்கவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், அதன்படி இயந்திரத்தின் விலையும் விவரக்குறிப்பும் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். பதினாலு வேலை நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொன்னார்கள். விலை மூன்றாம் தரப்பின் வர்த்தகத் தகவலாம், தர ஏலாதாம். என் வரிப்பணத்தில் மூன்றாம் தரப்பு நான்தான் போலும். விவரக்குறிப்பு மட்டும் ஒரு பக்கம் கிடைத்தது. திரை எத்தனை அங்குலம், நினைவகம் எவ்வளவு, வெளிப்பூச்சு என்ன நிறம் என்று எல்லாம் இருக்கிறது. தமிழ் என்ற சொல் இல்லை. பராமரிப்பு என்ற சொல்லும் இல்லை. பிறகென்ன, விற்றவர் கேட்டதைத் தந்திருக்கிறார்.

நானும் தபால் கந்தோருக்குத் தராசு வாங்கிய குழுவில் இருந்தவன். ஆகக் குறைந்த விலைக்கு வாங்கு என்று 2006ஆம் ஆண்டுக் கொள்வனவு வழிகாட்டி எங்கும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பொருந்திவந்த விலைமனுக்களை மதிப்பிட்டு, அவற்றுக்குள் குறைந்ததை எடு என்றுதான் சொன்னது. கேட்பதையே ஒழுங்காகக் கேட்காவிட்டால் எதற்கு எது பொருந்துவது?

யாரிடம் போய்க் கேட்பது என்றாலும் ஆள் இல்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரைக்கும் உறுப்பினர்களே இல்லை, செயலாளரே எல்லாம். இயந்திரம் வாங்கியது அந்த இடைவெளியில். அப்போதிருந்தவர் இடமாற்றத்தில் போய்விட்டார். இப்போது வந்தவர்கள் "அது எங்கட காலத்தில வாங்கினதில்ல" என்கிறார்கள். வாக்குக் கேட்டு என் படலையைத் திறந்தபோது இந்த வசனத்தை யாரும் சொல்லவில்லை. இனிக் கைத்தொலைபேசியிலேயே கட்டலாம், அரசாங்கக் கட்டணங்களை இணையத்தில் கட்டும் கவ்பே வந்துவிட்டது என்கிறார்கள். வரட்டும். முதலில் நான் கட்டியதைக் கண்டுபிடியுங்கள்.

சுனாமிக்குப் பிறகு நூலகத்துக்கு யாரோ நல்ல மனிதர்கள் கொடுத்த கணினிகள் உறை கழற்றாமலே பழுதாகிப் போனதையும், ஊழியர் வரவுக்கென்று பூட்டிய விரல் அடையாள இயந்திரத்தின் மேல் இன்று குடை தொங்குவதையும், எங்கள் ஒழுங்கை முகப்பில் பகலில் எரிந்து இரவில் அணையும் எல்.ஈ.டி. விளக்கையும் எழுதத் தொடங்கினால் தங்களுக்குப் பக்கம் போதாது. அவற்றுக்கும் எங்கள் விழிப்புணர்வுதான் காரணமாக இருக்கும்.

அந்த நிலுவையை, விறாந்துச் செலவோடு, இரண்டாம் முறையும் கட்டிவிட்டேன். இந்த வயதில் நீதிமன்ற வாசலில் நிற்க மனைவி விடவில்லை. இந்த முறை துண்டைக் கையோடு போட்டோக்கொப்பி எடுத்து, அதில் முத்திரை குத்தும்படி கேட்டேன். அந்தப் பிள்ளை சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டுக் குத்தித் தந்தாள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தங்கள் நிருபர் அடுத்த அமர்வுக்குப் போகும்போது, வாசலில் இருந்த வாங்கு எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள். களஞ்சியத்தின் பின்பக்கம் மழையில் கிடக்கிறது, நான் பார்த்தேன். இயந்திரம் அங்கேயே நிற்கட்டும், வாங்கை அதற்குப் பக்கத்தில் போட்டால் போதும். ஒரு கால் ஆடும். ஆணியும் சுத்தியலும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்,
மட்டக்களப்பு மாவட்டம்.